மீண்டும் மேலேறும் விமானம்

மழை நாள். சென்னையில் இறங்க வேண்டிய விமானம், ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் சட்டென்று மூக்கைத் தூக்கி மேலே போகிறது. எஞ்சின் இரைச்சல் கூடுகிறது. கைப்பிடியை இறுகப் பற்றியவர்கள் சாமி பெயரை முணுமுணுக்கிறார்கள். ஒரு சுற்றுச் சுற்றிப் பத்திரமாக இறங்கியதும் பயம் கோபமாக மாறுகிறது. "ஓட்டத் தெரியாத ஆளை அனுப்பிட்டான்" என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் தலையாட்டுகிறார்கள். அந்த விமானிக்கு நாம் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

விமானிகள் இதை 'கோ அரவுண்ட்' என்பார்கள். தரையிலிருந்து சுமார் ஆயிரம் அடி உயரத்துக்கு வரும்போதே வேகம், சரிவு, திசை எல்லாம் வரம்புக்குள் அடங்கியிருக்க வேண்டும். அடங்காவிட்டால் இறங்குவதைக் கைவிட்டு மேலேறுவதுதான் முறை.

2010 மே 22 காலை மங்களூரில் அந்த முறை மீறப்பட்டது. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் கேப்டன் பயணத்தின் பெரும்பகுதி தூங்கியிருந்தார்; விமானி அறை ஒலிப்பதிவில் அவருடைய குறட்டை பதிவாகியிருந்தது. விமானம் இருக்க வேண்டியதைவிட அதிக உயரத்தில் ஓடுபாதையை நெருங்கியது. மேலேறச் சொல்லி இணை விமானி மூன்று முறை கூறினார். கேப்டன் இறக்கினார். 8,033 அடி நீள ஓடுபாதையில் சுமார் 5,200 அடி கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 7 இரவு கோழிக்கோட்டில் கிட்டத்தட்ட அதே கதை. கொட்டும் மழை, பின்னாலிருந்து தள்ளும் காற்று, மேலேறச் சொன்ன இணை விமானி, இறக்கிய கேப்டன். 21 பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் காலையும் அந்த கேப்டன் பறக்க வேண்டியிருந்ததையும், அந்தத் தளத்தில் கேப்டன்கள் போதுமான அளவு இல்லாததையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. என்னை உறுத்துவது அந்த வரிதான். தவறு விமானி அறையில் நடந்தது. ஆனால் எப்படியாவது அங்கேயே இறங்க வேண்டும் என்ற நெருக்கடி, பணிப் பட்டியல் போடும் அலுவலகத்திலேயே தொடங்கிவிட்டது.

பாதுகாப்பு மேலாண்மை என்று விமானத் துறை சொல்வது இதைத்தான். விபத்துக்குப் பிறகு ஆளைத் தேடாமல், அதற்கு முன்பே ஓட்டையைத் தேடுவது. மேலேறிய விமானியிடம் எரிபொருள் செலவுக்குக் கணக்குக் கேட்காமல் இருப்பது. தன் தவறைத் தானே எழுதிக் கொடுக்கும் மெக்கானிக்கைத் தண்டிக்காமல் இருப்பது. தண்டித்தால் அடுத்த முறை யாரும் எழுதித் தர மாட்டார்கள். ஓட்டை மட்டும் அங்கேயே இருக்கும்.

தூக்கமும் இதில் சேர்த்தி. விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களைக் குறைக்கும் விதியைச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ 2024 ஜனவரியிலேயே வெளியிட்டது. அது 2025இல் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகிப் பயணிகள் தரையில் படுத்துக் கிடந்தபோது, விமானிகளுக்கு ஓய்வு கொடுத்ததுதான் காரணம் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும் ஆட்களைத் திட்டமிடாததை யாரிடம் கேட்பது? விமானியின் ஓய்வு பயணியின் பாதுகாப்பு. அதை விட்டுக்கொடுத்து நேரத்துக்குப் போய்ச் சேர நாம் ஆசைப்படக் கூடாது.

காத்திருக்கச் சம்மதிப்பதால் உரிமைகள் போய்விடாது. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால், நேரத்துக்குச் செக்-இன் செய்தவருக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். எது என்பதைத் தீர்மானிப்பவர் பயணி. உரிய முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தொகை கிடைக்கும். டிக்கெட் எடுக்கும்போது ஏஜென்டின் எண்ணைக் கொடுக்காமல் உங்கள் கைபேசி எண்ணையே கொடுங்கள். தொடர்பு விவரம் சரியாகத் தராதவருக்கு இழப்பீடு இல்லை என்று விதியே சொல்கிறது.

வானிலை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, பாதுகாப்பு அச்சுறுத்தல் போன்ற காரணங்கள் இருந்தால் நிறுவனத்துக்கு விலக்கு உண்டு. தொழில்நுட்பக் கோளாறு என்பது அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. அதனால் கவுண்டரில் சத்தம் போடுவதைவிட, "தாமதத்துக்கு என்ன காரணம் என்று எழுதிக் கொடுங்கள்" என்று நிதானமாகக் கேட்பது பின்னாளில் அதிகம் உதவும். அறிவிப்புப் பலகையையும் வந்த குறுஞ்செய்தியையும் படம் எடுத்து வையுங்கள். போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள்.

புகாரை முதலில் நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு அனுப்புங்கள். அங்கே பதில் இல்லையென்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் பதியலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்துப் பெற்ற சேவைக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பெட்டி உடைந்து வந்தால் ஏழு நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, பெட்டி வரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கவுண்டரில் பதிந்து, அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.