பனி காணா நாட்டில் பனிமலைப் பயிற்சி

தமிழில் ‘பனி’ என்பது ஒரு சொல். அது குறிக்கும் பொருள்களோ பல. மலாக்காவின் ஜாசின், ஆசகான் வட்டாரங்களில் இரப்பர் செழித்திருந்த நாள்களில், விடியுமுன் பால் வெட்டச் சென்ற தொழிலாளியின் காலை நனைத்ததும் பனி. மரவரிசைகளை மூடி நின்ற வெண்புகையும் பனி. இமயத்தின் முடியில் பாறைபோல் இறுகிக் கிடப்பதும் பனியே. முதலிரண்டையும் தோட்டத்து மக்கள் நன்கறிவர். மூன்றாவதோ கேள்வியளவில் நிற்பது. அதன்மேல் காலூன்றி நடப்பது ஒரு தனிக்கலை. அதைக் கற்காமல் சென்றோர் பலர் திரும்பவில்லை.

வெயில் நாட்டில் பிறந்தவருக்கு அக்கலை எட்டாதது என்று கருதுதல் தவறு. 1997ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் எவரெஸ்டு முடியில் முதன்முதல் நின்ற மலேசியர் இருவர் எம். மகேந்திரனும் என். மோகனதாசும் ஆவர். இருவரும் தமிழர். நாட்டில் வெண்பனியைக் காண்பதே அரிதான நிலையில், பயிற்சி ஒன்றே அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது.

உயரமும் குளிரும்

ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை குறையும். மலாக்காக் கடற்கரையில் 30 பாகை வெப்பம் எனக் கொள்வோம். ஜொகூர் எல்லையருகே நிற்கும் லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர். அதன் உச்சியில் சுமார் 22 பாகை இருக்கும். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலுவில் 3 அல்லது 4 பாகை. இரவில் அது உறைநிலையையும் தொடும். எவரெஸ்டின் உயரம் 8,849 மீட்டர். அதே கணக்கின்படி அங்கே உறைநிலைக்குக் கீழே 27 பாகை. காற்றின் அழுத்தமோ கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே லேடாங்கில் நன்றாக ஏறுபவர் இமயத்திலும் அவ்வாறே ஏறுவார் என்பதற்கு உறுதியில்லை. கால்வலிமை இரண்டிற்கும் பொது. பனியறிவு இமயத்திற்கே உரியது.

முதற்பாடம்: விழுதல்

மலையேற்றக் கழகங்கள் புதியவர்க்குக் கற்பிக்கும் முதற்பாடம் ஏறுவதன்று, விழுந்தால் நிற்பது. பனிச்சரிவில் வழுக்கியவரின் வேகம் ஒரு சில நொடிகளில் கட்டுக்கடங்காது பெருகிவிடும். அந்நொடிகளுக்குள் அவர் கையிலுள்ள பனிக்கோடரியை மார்பின் குறுக்கே சாய்த்துப் பிடித்துக் குப்புறத் திரும்பி, உடலின் பாரம் முழுவதையும் அதன் கூர்மூக்கின்மேல் அழுத்த வேண்டும். காலணியின் அடியில் இரும்பு முட்சட்டம் கட்டியிருந்தால் பாதங்களை உயர்த்திக்கொள்ள வேண்டும். இல்லையேல் முள் பனியில் சிக்கி ஆளைப் புரட்டிவிடும், கணுக்காலையும் முறித்துவிடும். எண்ணிப் பார்க்க நேரமில்லாத வேலை இது. ஆதலால் கீழே ஆபத்தில்லாத சிறு சரிவைத் தேர்ந்து, முகங்குப்புறவும் மல்லாந்தும் தலைகீழாகவும் மீண்டும் மீண்டும் விழுந்து பழகுகின்றனர். கை தானாகவே இயங்கும்வரை பயிற்சி ஓய்வதில்லை.

அடுத்தது கயிறு. பனியாற்றின்மேல் நடப்போர் ஒரே கயிற்றில் தம்மைப் பிணைத்துக்கொண்டு இடைவெளி விட்டுச் செல்வர். மெல்லிய பனிமூடியின் கீழே ஆழ்ந்த பிளவு மறைந்திருக்கும். ஒருவர் அதில் வீழ்ந்தால் மற்றவர் உடனே கோடரியை ஊன்றித் தாங்க வேண்டும். பின்னர் கயிற்றைப் பனியில் நங்கூரமிட்டு அவரை மேலே இழுக்க வேண்டும். இதில் ஒருவர் அரைகுறையாகக் கற்றிருந்தாலும் கேடு அனைவருக்குமே.

பனிச்சரிவு

எல்லாவற்றினும் கொடியது பனிச்சரிவு. வெவ்வேறு நாள்களில் பெய்த பனி அடுக்கடுக்காகப் படிகின்றது. இடையில் ஓர் அடுக்கு வலுவற்றிருந்தால், மனிதனின் பாரமே மேலடுக்கைப் பெயர்க்கப் போதும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே மிகுதியும் பெயர்வன. புதையுண்டவரைப் பத்து நிமிடத்திற்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரைமணி கடந்தால் மூன்றில் ஒருவர் பிழைப்பதும் அரிது. வெளியிலிருந்து உதவி அதற்குள் வந்து சேராது. ஆகவேதான் குழுவில் ஒவ்வொருவரும் இருப்பிடம் காட்டும் வானொலிக் கருவி, குத்திப் பார்க்கும் நீண்ட கோல், மண்வெட்டி ஆகிய மூன்றையும் சுமக்கின்றனர். உடன் வந்தவரே மீட்பர்.

பயிற்சி பெறுவதாலேயே ஆபத்து நீங்கிவிடாது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனத்தைச் சேர்ந்த பயிற்சிக் குழு ஒன்று ‘திரௌபதி கா தண்டா’ மலையில் பனிச்சரிவில் சிக்கியது. அப்போது 27 உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் காணாமற் போயினர். 2023இல் எவரெஸ்டில் மலேசியர் ஒருவர் உயிரிழந்தார். மற்றொருவர் காணாமற் போனார். 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்டை எட்டிய மலேசியத் தமிழர் டி. இரவிச்சந்திரன் உறைபனிக்கு விரல்கள் பலவற்றை இழந்தார். எனினும் மலையேற்றத்தை விடவில்லை.

விரலைக் காப்பதும் ஒரு பாடமே. உறைந்த விரலைத் தேய்க்கக் கூடாது. தீயில் காட்டவும் கூடாது. மறுபடி உறையாது என்ற உறுதி இருந்தால் மட்டுமே, உடல் வெப்பத்தை ஒத்த வெந்நீரில் அமிழ்த்தி இளக்க வேண்டும். உடையில் பருத்தி ஆகாது; வியர்வையை ஏந்தி ஈரமாகி உடற்சூட்டைக் குடித்துவிடும். தோட்டத்து வெயிலுக்கு உகந்த துணி பனிமலையில் பகையாகின்றது.

எங்கே கற்பது?

எட்மண்டு ஹில்லரியும் டென்சிங்கும் 1953இல் எவரெஸ்டை வென்ற மறு ஆண்டே டார்ஜிலிங்கில் இமயமலையேற்ற நிறுவனம் தொடங்கப்பெற்றது. களப்பயிற்சியின் முதல் இயக்குநராக டென்சிங்கே அமர்ந்தார். உத்தரகாசி நிறுவனம் 1965இல் எழுந்தது. அடிப்படைப் பயிற்சி நான்கு வாரம் நடைபெறுவது வழக்கம். பாறையேற்றத்தில் தொடங்கிப் பனியாற்றில் முடியும்.

ஆனால் பாதிப் பாடத்தை மலாக்காவிலேயே கற்கலாம். சுமை தூக்கி நடத்தல், முடிச்சிடுதல், திசைகாட்டியும் வரைபடமும் கொண்டு வழியறிதல், முதலுதவி ஆகியவற்றுக்குப் பனி வேண்டுவதில்லை. லேடாங் மலையே பள்ளிக்கூடமாகும். அங்கே கற்கத்தக்க மற்றொரு பாடமும் உண்டு. குறித்த நேரத்திற்குள் உச்சியை எட்டாவிடில், அது கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிடுவது. ஏறியவரின் பெயர் ஏட்டில் நிற்கும். திரும்பி வந்தவரே வீட்டில் இருப்பார். இவ்வுண்மையை மாணவர் உள்ளத்தில் பதிக்கும் கழகம், ஒரு கைப்பிடிப் பனியையும் காட்டாமலே பனிமலைப் பயிற்சியின் சாரத்தை ஊட்டியதாகும்.