வெளிநாட்டுச் சம்பாத்தியமும் வங்கிக் கணக்கும்



ஹலாலான வழியில் பொருளீட்டுவது எவ்வாறு கடமையோ, ஈட்டிய பொருளைப் பாதுகாத்து உரியவர்களிடம் சேர்ப்பதும் அவ்வாறே கடமையாகும். அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹு தஆலா திருக்குர்ஆனில் (4:58) கட்டளையிடுகிறான்.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற நம் ஊர்களில் வளைகுடா நாட்டுச் சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். பல்லாண்டுகள் மனைவி மக்களைப் பிரிந்திருந்து ஈட்டிய அந்தப் பணம் வங்கிக் கணக்கில்தான் தங்குகிறது. அக்கணக்கு எந்த வகையைச் சேர்ந்தது, யார் பெயரில் உள்ளது, யாருக்குத் தெரியும் என்பவை வெறும் உலக விவகாரங்கள் அல்ல. நாளை வாரிசுகளின் ஹக்கு அதில் அடங்கியிருக்கிறது.

எந்தக் கணக்கு?

வேலைக்காக வெளிநாடு சென்றவர், ஊரில் ஏற்கெனவே வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே தொடரக் கூடாது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வங்கிக்குத் தெரிவித்து அதனை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். ஊரில் வரும் வீட்டு வாடகை, நில வருமானம் முதலியவை இக்கணக்கில் சேரும். இதன் வட்டிக்கு இந்தியாவில் வரி உண்டு. வரி செலுத்திய பின் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம்.

வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்புவதற்கு உரியது என்.ஆர்.இ. கணக்கு. இதிலுள்ள பணத்தைத் தடையின்றி மீண்டும் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லலாம். எஃப்.சி.என்.ஆர். என்பது டாலர் போன்ற அந்நிய நாணயத்திலேயே ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை வைக்கப்படும் வைப்புத்தொகை.

என்.ஆர்.இ. வைப்புத்தொகையின் வட்டிக்கு வரியில்லை என்று வங்கிகள் விளம்பரம் செய்கின்றன. வரியில்லை என்பதால் வட்டி ஹலாலாகிவிடாது. வட்டியின் கடும் தடையை அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனம் முதல் காணலாம். வட்டி தராத நடப்புக் கணக்கையே என்.ஆர்.இ. வகையிலும் தொடங்க முடியும். வளைகுடாவில் இஸ்லாமிய வங்கிகளும் உள்ளன. துபாய் இஸ்லாமிய வங்கி 1975ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. கேளாமலே வந்து சேர்ந்த வட்டியைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல், நன்மையை எதிர்பாராது ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் நாட்டு உலமாக்கள் பலரின் தீர்ப்பு.

மூன்றாம் நாட்டில் கணக்கு

துபாயில் வேலை செய்யும் ஒருவர், துபாயிலும் இந்தியாவிலும் அல்லாமல் ஜெர்சி, ஐல் ஆஃப் மேன் போன்ற தீவுகளில் கணக்குத் தொடங்குவதும் உண்டு. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர், அங்கு ஈட்டிய பணத்தைக் கொண்டு இவ்வாறு கணக்கு வைப்பது குற்றமல்ல. பாஸ்போர்ட், முகவரிச் சான்று, சம்பளச் சான்று, பணம் வந்த வழி ஆகியவற்றை அவ்வங்கிகள் கேட்கும். பெருந்தொகை இருப்பு வேண்டும் என்றும் பல வங்கிகள் நிபந்தனை விதிக்கும்.

ஆனால் மறைப்பதற்காகத் தொடங்கினால் அது மோசடியாகும். மறைக்கவும் இயலாது. கணக்கு விவரங்களை நாடுகள் தமக்குள் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் இந்தியா 2017ஆம் ஆண்டு முதல் பங்கேற்கிறது. ஊர் திரும்பிய பின்னும் அக்கணக்கை வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. எனினும் இந்தியாவில் முழுமையாக வசிப்பவர் என்ற நிலை வந்ததும், வருமான வரிப் படிவத்தில் அதனைக் காட்டியாக வேண்டும். காட்டத் தவறினால் 2015ஆம் ஆண்டின் கருப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். அசையாச் சொத்து நீங்கலாக, மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர்களுக்கு மட்டும் 2024 அக்டோபர் முதல் இந்த அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. ஊர் திரும்பியவர் தம் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளையும் வங்கியில் தெரிவித்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

நாமினி வாரிசு அல்லர்

சகோதரர்களே! எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம் இதுதான். கணக்கில் யார் பெயரை நாமினியாக எழுதினோமோ அவருக்கே பணம் சொந்தம் என்று நம் மக்களில் பலர் எண்ணுகின்றனர். ஷரீஅத்தும் அவ்வாறு சொல்லவில்லை, நாட்டின் சட்டமும் சொல்லவில்லை. நாமினி என்பவர் வங்கியிலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர் மட்டுமே. அவர் அதன் உரிமையாளர் ஆகமாட்டார் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம். அதனாலும் பாகப்பிரிவினை மாறாது.

ஓர் உதாரணம் கூறுவோம். திருமணத்திற்கு முன் கணக்குத் தொடங்கிய ஒருவர், தம் அண்ணனை நாமினியாக எழுதினார். பின்னர் மணமுடித்தார், குழந்தைகளும் பிறந்தனர், நாமினியை மாற்றவில்லை. அந்நிலையில் அவர் மவ்த்தாகிவிட்டார். தாய், தந்தை, மனைவி, ஒரு மகன், ஒரு மகள் உள்ளனர். கஃபன், அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவை போக 72 லட்சம் ரூபாய் எஞ்சுகிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களின்படி மனைவிக்கு எட்டில் ஒன்றாக 9 லட்சம்; தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒன்றாக ஆளுக்கு 12 லட்சம்; மீதமுள்ள 39 லட்சத்தில் மகனுக்கு 26 லட்சம், மகளுக்கு 13 லட்சம். அண்ணனுக்கு எதுவுமில்லை. பணமோ அண்ணனின் கைக்கு வருகிறது! அவர் முழுவதையும் வாரிசுகளிடம் ஒப்படைத்தால் அமானிதம் காத்தவர். ஒரு ரூபாயைத் தமக்கென எடுத்தாலும் அநாதைகளின் பொருளை உண்டவராவார்.

கூட்டுக் கணக்கின் நிலையும் இதுவே. என்.ஆர்.இ. கணக்கில் ஊரிலுள்ள நெருங்கிய உறவினரைச் சேர்த்துக்கொள்ளலாம். கணக்குதாரர் உயிருடன் உள்ளவரை அவருடைய அதிகாரம் பெற்றவராகவே அந்த உறவினர் பணம் எடுக்க முடியும். ஒருவரிடமிருந்து பெற்ற அதிகாரப் பத்திரம் அவருடைய மவ்த்தோடு முடிந்துவிடுகிறது. எனவே ஜனாஸா வீட்டில் இருக்கும்போதே ஏ.டி.எம். கார்டைக் கொண்டு பணம் எடுப்பது, எந்த நல்ல நோக்கத்தில் செய்தாலும், கூடாத செயலாகும். அந்நேரம் முதல் அது வாரிசுகள் அனைவரின் சொத்து.

குடும்பத்துக்குத் தெரியட்டும்

ஐக்கிய அரபு அமீரகத்தில் கணக்குதாரர் இறந்த தகவல் கிடைத்ததும் வங்கி கணக்கை முடக்கிவிடும். நீதிமன்றத்தின் வாரிசு ஆணை வந்த பின்னரே பணம் வெளியே வரும். அதுவரை குடும்பம் எதைக் கொண்டு வாழும்? எனவே சில மாதச் செலவுக்கான தொகை மனைவியின் பெயரிலுள்ள கணக்கில் எப்போதும் இருப்பது நல்லது. இந்தியாவிலோ, பத்தாண்டுகளாக யாரும் தொடாத வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குச் சென்றுவிடும். வாரிசுகள் பின்னரும் கோரிப் பெறலாம்; ஆனால் அப்படியொரு கணக்கு இருப்பதே தெரியாதவர்கள் எவ்வாறு கோருவார்கள்?

வஸிய்யத் செய்வதற்குரிய பொருள் உள்ள முஸ்லிம், அதனை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது முறையன்று என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதிக்கொள்வது பற்றியதுதான். சகோதரருக்கு அனுப்பிய தொகை அன்பளிப்பா, கடனா, நிலம் வாங்கக் கொடுத்த அமானிதமா என்பதை அனுப்பும்போதே எழுதி விடுங்கள். எழுதாத காரணத்தால் உடன்பிறந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வாழும் வீடுகள் நம் மஹல்லாக்களில் உண்டு.

ஆகவே இவ்விடுமுறையில் ஊர் வரும் சகோதரர்கள் ஒரு தாளில், எந்த வங்கி, எந்தக் கிளை, என்ன வகைக் கணக்கு, யார் நாமினி, யாருக்குக் கடன், எந்த ஆண்டு வரை ஜகாத் கொடுத்தாயிற்று என்பவற்றை எழுதி, மனைவியிடமும் நம்பகமான மற்றொருவரிடமும் கொடுத்துச் செல்லுங்கள். இரகசிய எண்ணை எழுத வேண்டாம். கணக்கு இருப்பது தெரிந்தால் போதும். வீட்டிலிருக்கும் சகோதரிகளும் இதனைக் கேட்கத் தயங்க வேண்டாம். இது சந்தேகமன்று, உங்கள் உரிமை.

வியர்வை சிந்தி ஈட்டிய பொருளை ஹலாலாகவே வைத்திருந்து, உரியவர்களிடம் குறைவின்றிச் சேர்க்கும் நற்பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.