ஆன்சைட்டும் ஆஃப்ஷோரும் ஒரே குழுவாவது எப்படி?

2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்ட் என்னும் மலைவாசஸ்தலத்தில் கூடிய 17 மென்பொருள் நிபுணர்கள், மாதக்கணக்கில் ஆவணம் எழுதி, மாதக்கணக்கில் புரோகிராம் எழுதி, கடைசியில் வாடிக்கையாளரிடம் காட்டும்போதுதான் அவர் கேட்டது வேறு என்று விளங்கும் பழைய முறையில் சலிப்புற்று, 'அஜைல்' என்று இன்று உலகெங்கும் வழங்கும் பிரகடனத்தை வெளியிட்டார்கள். அதனோடு சேர்ந்த 12 கோட்பாடுகளுள் ஒன்று, ஒரு குழுவுக்குள் விஷயத்தைத் தெரிவிக்க நேருக்கு நேர் பேசுவதைக் காட்டிலும் சிறந்த மார்க்கம் இல்லை என்று சொல்கிறது. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் உட்கார்ந்து அதை வாசிப்பவருக்கு உண்டாகும் சங்கடத்தை ஊகிப்பது கடினமன்று. யாரோடு அவர் முகம் பார்த்துப் பேசவேண்டுமோ, அந்த க்ளையன்ட் அதே வேளையில் நியூயார்க்கில் உறங்கிக்கொண்டிருக்கிறார்.

முறை என்னவோ எளிதுதான். வேலையை ஒரு மாதத்துக்கு மேற்படாத சிறு தவணைகளாக, பெரும்பாலும் இரண்டு வாரங்களாக, வகுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஸ்பிரின்ட் என்கிறார்கள். தினமும் 15 நிமிஷம் குழு கூடிப் பேசும் ஸ்டாண்ட்அப். தவணை முடிவில் செய்ததைக் காட்டும் டெமோ. பிறகு, எங்கே தவறினோம் என்று கூடி யோசிக்கும் ரெட்ரோ.

இதன் பிரயோஜனம் எனக்கு விளங்கியது ஒரு தேதியினால். நான் அருகிருந்து பார்த்த ஒரு குழு, அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்காகப் புதுப்பிக்கவேண்டிய பாலிசிகளின் பட்டியலைத் தயாரித்தது. 04/05 என்று வந்த எண்களை நம் வழக்கப்படி மே மாதம் 4ஆம் தேதி என்று கொண்டார்கள். அமெரிக்கர்களோ மாதத்தை முதலில் எழுதுகிறவர்கள். இரண்டு வாரம் கழித்து டெமோவில் திரையைப் பார்த்த க்ளையன்ட் தரப்பு அம்மையார் ஒருவர், ஏப்ரல் பட்டியலில் வரவேண்டிய பெயர்கள் எங்கே என்று கேட்டார். அரை நாளில் திருத்தியாயிற்று. எட்டு மாதம் கழித்துத் தெரிந்திருந்தால், சேர்த்துவைத்த தகவல் அனைத்தையும் கிளறவேண்டி வந்திருக்கும்.

ஆனால் என் மனத்தில் தைத்தது அதுவன்று. முதல் நாளே அந்தத் தேதியைப் பற்றிய ஐயம் குழுவில் ஓர் இளைஞருக்குத் தோன்றியிருக்கிறது. க்ளையன்ட்டோடு தொலைபேசியில் 'கால்' நடக்கும்போது, எல்லாரும் சரி என்கிற இடத்தில் தாம் ஒருவர் மட்டும் புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். பெரியவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதே என்று கேட்டே வளர்ந்த நம் பிள்ளைகள் சொல்லும் 'சரி'யில், விளங்கிற்று, கேட்டுக்கொண்டேன், பிறகு பார்க்கிறேன் என்னும் மூன்று அர்த்தங்களும் கலந்திருக்கின்றன. கடல் கடந்து கேட்பவருக்கோ முதல் அர்த்தம் மட்டுமே காதில் விழுகிறது. இந்த ஒன்றைச் சீர்செய்யாத குழு, ஸ்டாண்ட்அப்பை எத்தனை நியமத்தோடு நடத்தினாலும், அது அஜைல் ஆகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதற்கு ஒரு பரிகாரத்தை, பிரகடனத்தில் கையெழுத்திட்ட மார்ட்டின் ஃபவுலர் எழுதியிருக்கிறார். அவர் சார்ந்த தாட்வொர்க்ஸ் நிறுவனம் 2001இல் பெங்களூரில் அலுவலகம் திறந்தபோது கற்ற பாடம் அது: இங்கிருந்து ஒருவர் அங்கேயும், அங்கிருந்து ஒருவர் இங்கேயும் சில மாதங்கள் தூதரைப்போலத் தங்கவேண்டும். கூடிச் சாப்பிட்ட ஒருவரிடம் புரியவில்லை என்று சொல்வது, முகம் அறியாத குரலிடம் சொல்வதைவிட எவ்வளவோ சுலபம். க்ளையன்ட் இடத்துக்குப் போகும் ஆன்சைட் பயணத்தைச் சிக்கனம் கருதி முதலில் வெட்டுகிறவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும்.

இந்த முறைக்கு ஒப்பந்தமும் இடங்கொடுக்கவேண்டும். இன்னின்ன வேலை, இவ்வளவு தொகை என்று முதல் நாளே முற்றாக வரையறுத்துவிட்டால், டெமோவில் க்ளையன்ட் சொல்லும் ஒவ்வொரு திருத்தமும் பண வழக்காகிவிடும். காலத்துக்கும் ஆளுக்குமாகக் கணக்கிடும் ஏற்பாட்டில் அந்தப் பேச்சு உதவியாக அமைகிறது.

இனி, கடிகாரம். நியூயார்க்கில் காலை 10 மணிக்கு வைத்த ஸ்டாண்ட்அப், கோடையில் சென்னைக்கு இரவு 7.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அதுவே 8.30 ஆகிறது. கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, வீட்டில் குழந்தை தூங்கியபின் போய்ச் சேரும் தாய், அந்த ஒரு மணி நேரத்தைத் தம் கணக்கிலிருந்து கொடுக்கிறார். குளிர்காலம் முழுவதும் கூட்டத்தை அவர்கள் காலை 9 மணிக்கு நகர்த்திக்கொண்ட ஒரு குழுவை நான் அறிவேன். அந்த யோசனையை ரெட்ரோவில் முதலில் எடுத்துச் சொன்னவர், தேதி விஷயத்தில் வாய்திறவாதிருந்த அதே இளைஞர்.