ஒரே ரயில் பாதை: இழப்பீடு யாருக்கு?

போர்ட்டிக்சன் வட்டாரம் இராணுவ முகாம்கள் நிறைந்த பகுதி. சி ரூசா மக்களுக்கு இராணுவ ஓய்வூதியம் என்பது புதிய செய்தி அல்ல. பணியின்போது உடல் ஊனமுற்ற வீரர் உதவித்தொகை கேட்டால், அவருடைய பெயர், படை எண், மருத்துவக் குறிப்பு எல்லாம் பதிவேட்டில் இருக்கும். அந்தப் பதிவே அவரது உரிமைக்கு ஆதாரம்.

பதிவே இல்லாதவர்களுக்கு என்ன கதி? சயாம் மரண ரயில்பாதையைப் பாருங்கள்.

1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் பாதை அது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர் அங்கே வேலை செய்தனர். அவர்களோடு ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 180,000 பேர். நெகிரி செம்பிலான் உட்பட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் இவர்களில் பல்லாயிரம். காலரா, மலேரியா, காலை அரித்த புண் ஆகியவை எல்லாருக்கும் பொதுவாகவே வந்தன. கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொழிலாளர்களில் மாண்டவர்கள் சுமார் 90,000 என்பது மதிப்பீடுதான். யாரும் எண்ணி வைக்கவில்லை.

போர் முடிந்தது. 1951 சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தப்படி பிரிட்டிஷ் கைதிகளுக்குத் தலைக்குச் சுமார் 76 பவுன் கிடைத்தது. அது போதாது என்று அவர்கள் பல ஆண்டுகள் போராடினர். 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் 10,000 பவுன் அறிவித்தது. இறந்த கைதியின் மனைவிக்கும் அது உண்டு.

நம்மவர்களுக்கு? 1967இல் ஜப்பான் மலேசியாவுடன் செய்த உடன்பாட்டில் இரண்டரைக் கோடி வெள்ளி பெறுமானமுள்ள உதவி வந்தது. அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்து சேர்ந்தது. தோட்டத்து விதவையின் கைக்கு அதில் ஒரு காசும் வரவில்லை.

காஞ்சனபுரி கல்லறையில் கைதிகளுக்குத் தனித்தனிக் கல் உண்டு. இராணுவப் பட்டியல் இருந்ததால் பெயர்களைத் தேடிப் பொறிக்க முடிந்தது. நம் தாத்தாக்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை.

ஆகவே, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றே கேளுங்கள். போனவர் பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு, திரும்பினாரா என்ற விவரம். நாலு வரி எழுதி வையுங்கள். நாளை இழப்பீடு தர யாராவது முன்வந்தாலும், முதல் கேள்வி "யாருக்கு?" என்பதாகத்தான் இருக்கும்.