திரும்பி வரும் ஒளி

அல்லாஹ்வின் படைப்பான சூரியனில் ஐதரசன் கருக்கள் இணைவதற்கு வேண்டிய அமுக்கத்தை அதன் ஈர்ப்பு விசையே வழங்குகிறது. பூமியில் அந்த வசதி கிடையாது. அதனால் கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் 192 லேசர் கற்றைகளை ஒரு சிறிய உலோக உருளைக்குள் பாய்ச்சுகிறார்கள். உருளையின் சுவரிலிருந்து எழும் எக்ஸ் கதிர்கள், நடுவிலுள்ள ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் எரிபொருள் உருண்டையை நசுக்குகின்றன. 2022 டிசம்பர் 5ஆம் திகதி 2.05 மெகாயூல் லேசர் சக்தி கொடுத்து 3.15 மெகாயூல் பெற்றார்கள்.

அந்த வெற்றியைவிட, ஒளியை உள்ளே கொண்டுசேர்க்க நடந்த போராட்டமே என்னைக் கவர்ந்தது.

லேசர் பட்டதும் உலோகம் பிளாஸ்மாவாகிறது. அதாவது இலத்திரன்களும் அயன்களும் பிரிந்து திரியும் நிலை. அங்கே இலத்திரன்கள் தமக்கே உரிய மீடிறனில் அதிரக்கூடியவை. சுரமானிப் பரிசோதனையில் இசைக்கவையின் மீடிறன் பொருந்தியதும் கம்பியிலுள்ள கடதாசித் துண்டு துள்ளி விழுமல்லவா? இதுவும் அத்தகைய பரிவுதான். உள்வரும் ஒளியில் சிறு பகுதி பிளாஸ்மா அலையில் பட்டுச் சிதறுகிறது. சிதறிய ஒளியும் உள்வரும் ஒளியும் சேர்ந்து அதே அலையை வளர்க்கின்றன. வளர்ந்த அலை இன்னும் அதிகமாகச் சிதறடிக்கிறது. இலத்திரன் அலையால் நிகழும் இந்தச் சிதறலுக்கு, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமனின் பெயரே வழங்குகிறது.

ஒளி வீணாவது மட்டுமென்றால் லேசரின் வலுவைக் கூட்டிவிடலாம். ஆனால் கூட்டக்கூட்டச் சிதறலும் கூடும். அதைவிட மோசம், இந்த அலைகள் சில இலத்திரன்களை அதிவேகத்தில் எறிகின்றன. அவை எரிபொருளை முன்கூட்டியே சூடாக்கிவிடும். சூடேறியதை நசுக்குவது மிகக் கடினம். 1970களில் லிவர்மோரில் அமைந்த ‘சிவா’ லேசர் இந்தச் சிக்கலில்தான் அகப்பட்டது. அது செங்கீழ் ஒளியைப் பயன்படுத்தியது.

ஆகவே இப்போது 1053 நனோமீற்றர் செங்கீழ் ஒளியைப் பளிங்குகளினூடாகச் செலுத்தி 351 நனோமீற்றர் கழியூதா ஒளியாக மாற்றுகிறார்கள். அலைநீளம் மூன்றிலொன்றானால், அதே செறிவில் இலத்திரன் ஊசலாடும் சக்தி ஒன்பதிலொன்றாகிறது. கற்றையிலுள்ள மிகப் பிரகாசமான புள்ளிகளை ஓரிடத்தில் நிலைக்கவிடாமல் வேகமாக இடம்மாற்றுவதும் உதவுகிறது.

நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இன்னொரு வழியை முயல்கிறார்கள். ஒரே மீடிறனுக்குப் பதிலாக, பரந்த வீச்சிலுள்ள பல மீடிறன்களைக் கலந்து அனுப்பினால் எந்த அலைக்கும் நிலையான பரிவு கிடைக்காது. கேட்க இலகுதான். ஆனால் செங்கீழை கழியூதாவாக்கும் பளிங்குகளோ ஒடுங்கிய மீடிறன் வீச்சிலேயே நன்றாக வேலை செய்பவை.