பளு தூக்குமுன் போடவேண்டிய ஒரு பெருக்கல் கணக்கு

தேர்வுகள் முடிந்து ஆண்டிறுதி விடுமுறை தொடங்கியதும் குடியிருப்புப் பேட்டைகளின் உடற்பயிற்சிக் கூடங்களில் மாணவர் கூட்டம் கூடிவிடும். தேசிய சேவைக்குமுன் உடலைத் தேற்றிக்கொள்ள வருபவர்கள் ஒருபுறம், நண்பர்கள் அழைத்ததற்காக வருபவர்கள் மறுபுறம். மூன்றாம் வாரத்திலேயே அவர்களில் சிலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதையும் பார்க்கலாம். “பளு அதிகமாகிவிட்டது” என்பதுதான் வழக்கமான விளக்கம். ஆனால், அந்தப் பளு உடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது, எவ்வளவு விரைவாகக் கூட்டப்பட்டது என்ற இரண்டையும் யாரும் கேட்பதில்லை.

முதல் கேள்விக்கு உயர்நிலைப் பள்ளி இயற்பியலே போதும். விசையைச் சுழல்மையத்திலிருந்து அதற்குள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிரும் ‘டெட்லிஃப்ட்’ பயிற்சியை எடுத்துக்கொள்வோம். கம்பியும் தட்டுகளும் சேர்ந்து 40 கிலோ என்றால், எடை ஏறத்தாழ 400 நியூட்டன். அது கீழ்முதுகிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் திருப்புத்திறன் 120 நியூட்டன் மீட்டர். அதை எதிர்த்து இழுக்கும் முதுகுத் தசைகளோ முதுகெலும்பின் மையத்திலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் உள்ளன. 120-ஐ 0.05-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 2,400 நியூட்டன். அதாவது, 40 கிலோவைத் தூக்க உங்கள் முதுகுத் தசைகள் 240 கிலோ எடைக்கு ஈடான விசையைத் தரவேண்டும். குனிந்திருக்கும் மேலுடலின் எடையை இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவே இல்லை.

இப்போது அதே கம்பியை 10 சென்டிமீட்டர் உடலை நோக்கி நெருக்குங்கள். தேவைப்படும் விசை 1,600 நியூட்டனாகக் குறைகிறது. ஒரு தட்டைக்கூடக் கழற்றாமல் முதுகின் சுமையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கம்பி காலை உரசியபடியே மேலே வரவேண்டும் என்று பயிற்றுநர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். முதுகைக் கூனாமல், அதன் இயல்பான நிலையிலேயே வைத்து, இடுப்பிலும் முழங்காலிலும் மடங்கித் தூக்கவேண்டும். வீட்டில் 10 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கும்போதும் இதே கணக்குதான். கூடத்தில் ஒழுங்காகத் தூக்கிவிட்டு வீட்டில் கையை நீட்டி மூட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு!

அடுத்தது வேகம். பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் பலம் மளமளவென்று கூடும். தசை பெருத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இருக்கும் தசைகளை ஒருங்கே இயக்க நரம்பு மண்டலம் பழகிக்கொள்வதே முக்கியக் காரணம். தசையை எலும்புடன் பிணைக்கும் தசைநாண்கள் அதைவிட மெதுவாகவே உறுதியடைகின்றன. இந்த இடைவெளியில்தான் தோளும் முழங்கையும் முழங்காலும் வலிக்கத் தொடங்குகின்றன. ஆகவே “நேற்றைவிட இன்று எளிதாக இருக்கிறதே” என்று 10 கிலோவை ஒரேயடியாகக் கூட்டவேண்டாம். இரண்டரைக் கிலோ போதும். வழக்கமான பெரிய கம்பி மட்டுமே 20 கிலோ என்பதையும் கணக்கில் சேருங்கள். முதல் சுற்றை வெறும் கம்பியோடு செய்து உடலைச் சூடேற்றுங்கள். இன்னும் ஓரிரு முறை தூக்கமுடியும் என்ற நிலையிலேயே சுற்றை நிறுத்துங்கள். கடைசி ஒன்றுக்காக உடல் கோணும்போதுதான் பெரும்பாலும் சுளுக்கு விழுகிறது.

மல்லாந்து படுத்துத் தூக்கும் ‘பெஞ்ச் பிரஸ்’ பயிற்சிக்குத் தனி எச்சரிக்கை தேவை. கை தளர்ந்தால் கம்பி விழுமிடம் நெஞ்சோ கழுத்தோதான். மலேசியாவின் போனி புன்யாவ் கஸ்டின் பாரிஸ் 2024 உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கில் 72 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர். அத்தகைய வீரர்கள் போட்டியில் தூக்கும்போதும் கம்பியின் இரு பக்கமும் உதவியாளர்கள் நிற்கிறார்கள். நமக்கு மட்டும் என்ன கூச்சம்? பக்கத்தில் இருப்பவரிடம் “அண்ணே, கொஞ்சம் பிடிக்க நிற்கிறீங்களா?” என்று கேட்டால் பொதுவாக யாரும் மறுப்பதில்லை. ஆள் இல்லையென்றால், பாதுகாப்புக் கம்பிகள் உள்ள சட்டத்துக்குள் தூக்குங்கள். கட்டை விரல் கம்பியைச் சுற்றியே இருக்கட்டும். மற்ற விரல்களோடு சேர்த்து வைத்தால் கம்பி உள்ளங்கையிலிருந்து உருண்டுவிடும்.

மூச்சையும் கவனியுங்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து உடற்கட்டழகர்கள் காலால் பெரும்பளுவைத் தள்ளும்போது அவர்களது ரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை எகிறியது பதிவானது. மூச்சை அடக்கி முக்குவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். புதியவர்கள் பளுவை இறக்கும்போது மூச்சை இழுத்து, தூக்கும்போது வெளியே விடுவது நல்லது.

“எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும்” என்று அம்மா சொன்னால், மேற்பார்வையுடன் முறையாகச் செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்பதே மருத்துவர்களின் நிலைப்பாடு என்று சொல்லலாம். அதற்காக 14 வயதில் “அதிகபட்சம் எவ்வளவு தூக்குவாய்?” என்ற பந்தயத்தில் இறங்கத் தேவையில்லை. எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் அந்த வயதில் இன்னும் மென்மையானவை.

மறுநாள் தசை முழுதும் இதமாக வலிப்பது இயல்பு. இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். மூட்டில் ஓரிடத்தில் குத்தும் வலி, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் மரத்துப்போன உணர்வு ஆகியவை அப்படியல்ல. பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பார்க்கவேண்டும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்து அளவுக்கு மீறிச் செய்பவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. தசை நார்கள் சிதைந்து அவற்றின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். இதை ‘ராப்டோமயோலிசிஸ்’ என்கிறார்கள். தசைகள் வீங்கிக் கடுமையாக வலித்து, சிறுநீர் தே-ஓ நிறத்தில் போனால், தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கவேண்டாம். அன்றே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, என்ன பயிற்சியை எத்தனை முறை செய்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.