சட்டம் இயற்றுபவர்களுக்கு யார் செலவில் பாடம்?

1991 நவம்பர். சோவியத் ஒன்றியம் உடைந்துகொண்டிருந்தது. அதன் தொலைதூர அணு ஏவுகணைகள் ரஷ்யா, உக்ரைன், கஜகஸ்தான், பெலாரஸ் ஆகிய நான்கு குடியரசுகளில் பரவிக் கிடந்தன. பழைய எதிரிக்குப் பணம் கொடுப்பதா என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தயங்கியது. அப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ் கார்ட்டர், காலைச் சிற்றுண்டிக்குக் கூடிய செனட்டர்களிடம் அந்த ஆபத்தை எடுத்துச் சொன்னார். சில நாட்களிலேயே, ஜனநாயகக் கட்சியின் சாம் நன்னும் குடியரசுக் கட்சியின் ரிச்சர்டு லூகரும் சேர்ந்து கொண்டுவந்த உதவித் திட்டத்தை செனட் 86-8 என்ற வாக்குகளில் ஏற்றது. அத்திட்டம் பின்னாளில் 7,500-க்கும் மேற்பட்ட அணுகுண்டுகளைச் செயலிழக்கச் செய்தது.

கார்ட்டர் குழுவின் ஆய்வுக்குத் துணைநின்றது கார்னகி கார்ப்பரேஷன் என்ற அறக்கட்டளையின் பணம்.

சட்டம் இயற்றுபவர்களுக்கு ஏன் அறிஞர்களின் உதவி தேவைப்படுகிறது?

வேளாண்மை முதல் விண்வெளி வரை எல்லாவற்றுக்கும் வாக்களிக்கும் காங்கிரஸ் உறுப்பினர்கள் 535 பேரும் எல்லாவற்றையும் அறிந்திருக்க முடியாது. காங்கிரஸுக்கு 1914 முதல் சொந்த ஆராய்ச்சிப் பிரிவு உண்டு. ஆனால், அறிவியல் ஆலோசனைக்காக 1972-இல் உருவாக்கிய அலுவலகத்தை 1995-இல் காங்கிரஸே மூடிவிட்டது. அரசு விட்ட இடத்தில், நிறுவனங்களுக்காக ஆதரவு திரட்டும் லாபியிஸ்டுகள் தங்கள் தகவல்களோடு வந்து நிற்கிறார்கள்.

சட்டம் எதை அனுமதிக்கிறது?

‘இந்த மசோதாவை ஆதரியுங்கள்’ என்று உறுப்பினர்களிடம் வலியுறுத்தும் வேலைக்குத் தனியார் அறக்கட்டளைகள் செலவிட்டால், 1969-ஆம் ஆண்டின் வரிச் சட்டப்படி தண்டவரி விழும். கட்சி சார்பற்ற ஆய்வுக்கும் விளக்கத்துக்கும் தடையில்லை. இந்தக் கோட்டுக்குள் நின்று செயல்படுவது ஆஸ்பென் நிறுவனத்தின் காங்கிரஸ் திட்டம். முன்னாள் செனட்டர் டிக் கிளார்க் 1983-இல் இதைத் தொடங்கினார். இரு கட்சி உறுப்பினர்களும் அறிஞர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து பேசுவார்கள். அறக்கட்டளைகளின் பணம் மட்டுமே ஏற்கப்படும். நிறுவனங்களின் பணத்துக்கும் லாபியிஸ்டுகளுக்கும் அங்கே இடமில்லை.

‘அறக்கட்டளை’ என்ற பெயர் போதுமா?

போதாது. லாபியிஸ்ட் ஜாக் அப்ரமாஃப் 2002-இல் பாப் நே என்ற காங்கிரஸ் உறுப்பினரை ஸ்காட்லாந்துக்கு கோல்ஃப் ஆட அழைத்துச் சென்றார். அதற்கான பணம் அப்ரமாஃப் நடத்திய அறக்கட்டளை வழியாகவே வந்தது. 2007-இல் பாப் நேவுக்கு 30 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டில் காங்கிரஸ் விதிகளை இறுக்கியது: பிறர் செலவில் பயணம் போக முன் அனுமதி வேண்டும், போய்வந்த பின் செலவுக் கணக்கைப் பொதுமக்கள் பார்க்கத் தர வேண்டும்.

இன்னொரு கேள்வியும் மிஞ்சுகிறது. நேர்மையான கொடையாளரும் எதைப் பற்றிப் பேசுவது என்பதைத் தேர்ந்தெடுக்கிறார். அதுவும் ஓர் அதிகாரம்தான். ஆகவே கொடையாளர் ஒருவராக இல்லாமல் பலராக இருக்க வேண்டும். எதிரெதிர்க் கருத்துடைய அறிஞர்கள் ஒரே அறையில் பேச வேண்டும். ஒவ்வொரு டாலருக்கும் கணக்கு வெளியே தெரிய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது கல்வி. ஒன்று குறைந்தாலும் அது விருந்தாகிவிடும். அந்த விருந்துக்கான விலையைக் கடைசியில் கொடுப்பவர்கள் வாக்காளர்களே.